சீட்டுக்கட்டில் உறுமிக்கு இடம் உண்டா?

தேனிப் பக்கம் ஒரு பையன் கையில் சீட்டுக்கட்டைப் பார்த்தால் வீட்டில் முதலில் விழுவது திட்டுதான். சீட்டு என்றாலே மங்காத்தா, ரம்மி, காசு, கடைசியில் சண்டை. ஆனால் இதே சீட்டுக்கட்டு ஏறக்குறைய 500 வருடங்களாக வாத்தியார் வேலையும் பார்த்து வந்திருக்கிறது. தர்க்கம், பூகோளம், புராணம், இசைக்கருவிகள் என்று அது நடத்தாத பாடம் குறைவு.

வாத்தியார் ஆன சீட்டு

1507-ல் தாமஸ் முர்னர் என்ற துறவி போலந்தின் கிராக்கோ நகரில் தர்க்கப் பாடத்தைச் சீட்டுகளாக்கினார். 1540 வாக்கில் ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் பீட்டர் ஃப்ளோட்னர் செய்த சீட்டுகளின் பின்பக்கத்தில் பாட்டுகளின் சுரக்குறிப்பு இருந்தது. பிரான்சில் பதினான்காம் லூயி சிறுவனாக இருந்தபோது, 1644-ல், அவனுக்கு அரசர்கள், புகழ்பெற்ற அரசிகள், பூகோளம், புராணக் கதைகள் ஆகியவற்றைச் சொல்லித்தர நான்கு சீட்டுக்கட்டுகள் தயாராயின. ராஜா வீட்டுப் பிள்ளைக்கும் பாடப் புத்தகம் கசந்திருக்கும் போல!

பிறகு 1851-ல் இங்கிலாந்தில் ஜான் ஜாக்ஸ் நிறுவனம் 'ஹேப்பி ஃபேமிலீஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. குடும்பத்துக்கு நான்கு சீட்டு. கையில் ஒரு குடும்பத்தின் ஒரு சீட்டாவது இருந்தால், மற்றதை எதிராளியிடம் பெயர் சொல்லிக் கேட்கலாம். இருந்தால் அவர் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் முறை அவருக்குப் போய்விடும். நான்கும் சேர்ந்தால் குடும்பம் உங்களுடையது. ஜெர்மனியில் இந்த வகைக்கு 'குவார்டெட்' என்று பெயர். பூ, பறவை, இசைக்கருவி என எதை வேண்டுமானாலும் இதில் போடலாம்.

இதன் சூட்சுமம் எளிது. படத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அது எந்தக் குடும்பம் என்றும் தெரிந்திருக்க வேண்டும். மனப்பாடம் செய்யச் சொன்னால் ஓடிவிடும் பிள்ளை, ஜெயிப்பதற்காகத் தானாகவே மனப்பாடம் செய்துவிடும்.

கஞ்சிஃபாவில் ஒரு யாழ்

இந்தியாவுக்கும் இது புதிதல்ல. 1527-ல் பாபர் சிந்து தேசத்து ஷா ஹசனுக்குக் கஞ்சிஃபா சீட்டுகளை அனுப்பியதாகத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். வட்டமான, கையால் வரைந்த சீட்டுகள் அவை. தசாவதாரக் கஞ்சிஃபாவில் அவதாரத்துக்கு 12 வீதம் 120 சீட்டுகள். ஆடி முடிப்பதற்குள் பத்து அவதாரமும் பாடமாகிவிடும். மைசூரில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் இப்படிப் பல ஆட்டங்களைத் தானே வகுத்தார்.

எட்டு ஜாதி கொண்ட மொகலாயக் கஞ்சிஃபாவில் கிரீடம், வாள், நாணயம் இவற்றோடு 'சங்' என்றும் ஒரு ஜாதி உண்டு. சங் என்பது பாரசீக ஹார்ப், கிட்டத்தட்ட நம் யாழின் உறவு. ஆக இந்தியச் சீட்டுக்கட்டில் ஓர் இசைக்கருவி சில நூற்றாண்டுகளுக்கு முன்பே ஏறிவிட்டது.

யாழ் என்றதும் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்துவிடலாம். கூடலூருக்கு மேலே மலை உச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமிக்கு மட்டும் ஜனங்கள் ஏறிப்போவார்கள். அந்தக் கண்ணகியின் கதையான சிலப்பதிகாரத்தில், மாதவியின் அரங்கேற்றத்தின்போது யாழாசிரியன், குழலோன், தண்ணுமைக்காரன் ஒவ்வொருவருக்கும் என்ன தகுதி வேண்டும் என்று இளங்கோ விரிவாகச் சொல்கிறார். உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என நான்கு யாழைக் குறிப்பிடுகிறார். நான்கு சீட்டு, ஒரு குடும்பம்! ஆனால் அந்தக் குடும்பமே வழக்கொழிந்து போனது. விபுலானந்த அடிகள் நூல்களைத் துருவி ஆராய்ந்து 1947-ல் 'யாழ்நூல்' வெளியிட வேண்டியிருந்தது.

குடும்பம் பிரித்தது யார்?

மேல்நாட்டு இசைப் பாடத்தில் கருவிகளை வகைப்படுத்த ஹார்ன்போஸ்டல், சாக்ஸ் இருவரும் 1914-ல் வெளியிட்ட முறையைத்தான் சொல்வார்கள். அவர்கள் அதை பெல்ஜியத்தின் விக்தோர் மகியோனின் முறையிலிருந்து வளர்த்தெடுத்தார்கள். மகியோன் பிரஸ்ஸல்ஸ் இசைக்கருவி அருங்காட்சியகத்தின் முதல் காப்பாளர். 1876-ல் வங்காளத்து சௌரீந்திர மோகன் தாகூர் பெல்ஜிய அரசருக்கு அனுப்பிய சுமார் நூறு இந்தியக் கருவிகள் அந்த அருங்காட்சியகத்தில்தான் சேர்ந்தன. 1880-ல் மகியோன் வெளியிட்ட பட்டியல், நாட்டிய சாஸ்திரம் சொல்லும் அதே நான்கு பிரிவுகளில் அமைந்தது.

அந்த நான்கும் தமிழில் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி. மனிதக் குரலையும் மிடற்றுக்கருவி என்று சேர்த்து ஐந்தாகச் சொல்வதும் உண்டு. ஆகப் பிள்ளைகளின் சீட்டுக்கட்டுக்கு வேண்டிய நான்கு ஜாதியும் இங்கேயே தயாராக இருந்திருக்கிறது.

தொல்காப்பியம் இன்னும் ஒரு படி மேலே. தெய்வம், உணவு, மரம், பறவையோடு பறையையும் யாழையும் அது கருப்பொருளில் சேர்க்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை எனப் பள்ளியில் உருப்போட்ட அட்டவணை ஞாபகம் இருக்கிறதா? பரீட்சை முடிந்த மறுநாளே மறந்து போகும் அந்த அட்டவணையைச் சீட்டாக வெட்டினால் அருமையான ஆட்டம் ஆகும். கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைக்கு அது வெறும் ஏடும் அல்ல. மேகமலைப் பக்கம் பார்த்தால் குறிஞ்சி, 1895-ல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் பாயும் வயலைப் பார்த்தால் மருதம்.

ஊர்க் கருவிகளை அடுக்கினால்

தேனி மாவட்டத் திருவிழாக்களில் காதில் விழுவதை வைத்தே ஒரு கட்டைச் சேர்க்கலாம். தோலில் தவில், உறுமி, பம்பை, பறை. துளையில் நாதசுரம், கொம்பு, சங்கு, குழல். கஞ்சத்தில் தாளம், சேகண்டி, மணி, சலங்கை. நரம்புக் குடும்பம்தான் திண்டாட வைக்கும். வீணையும் தம்பூராவும் கச்சேரி மேடையோடு சரி. வில்லுப்பாட்டின் வில்லைச் சேர்க்கலாமா? நாண் இருக்கிறது, ஆனால் அதில் கட்டிய மணிகள்தானே ஒலிக்கின்றன! இப்படி ஒரு வாக்குவாதம் வந்தால் ஆட்டம் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம்.

ஆர்மோனியம் இன்னொரு வம்பு. கட்டைகளைப் பார்த்து அதற்குத் தனி இடம் கேட்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் துருத்திக் காற்று உலோக நாக்குகளை அதிரவைப்பதால்தான் அது ஒலிக்கிறது. எனவே காற்றுக் கருவிகளோடுதான் சேரும். 1842-ல் பாரிஸில் காப்புரிமை பெற்ற இந்தக் கருவியை அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஒதுக்கியே வைத்திருந்தது. அதே காலத்தில்தான் பண்ணைப்புரத்தில் பாவலர் வரதராஜனின் கச்சேரிகளில் ஆர்மோனியம் ஒலித்துக்கொண்டிருந்தது. அந்த ஆர்மோனியத்தில் பழகிய தம்பி இளையராஜா 1976-ல் 'அன்னக்கிளி'யோடு வந்தார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது.

வானொலி நிலையம் விலக்கிய கருவி ஒரு கிராமத்து வீட்டில் இசைப்பள்ளி நடத்தியிருக்கிறது. எந்தக் கருவி கட்டில் இருக்க வேண்டும் என்று மேலே உட்கார்ந்து முடிவு செய்வதில் உள்ள ஆபத்து இதுதான்.

விதியும் ஒரு பாடம்

1990களில் பையன்கள் ஆடிய ட்ரம்ப் கார்டில் எடை, உயரம், ரன் என்று எண்கள் மோதும். பெரிய எண் சின்ன எண்ணை விழுங்கும். இசைக்கருவியை அப்படி மோதவிட்டால் எதை அளப்பது? நரம்பின் எண்ணிக்கையையா, விலையையா, மேடையின் உயரத்தையா?

குடும்பச் சீட்டில் ராஜாவும் கிடையாது, ஏஸும் கிடையாது. நான்கில் ஒன்று குறைந்தாலும் குடும்பம் சேராது. பறையைச் சாவு வீட்டோடும் ஒரு சாதியோடும் கட்டிவைத்து, சபா மேடைக்கு வெளியே நிறுத்திய சமூகம் இது. படம் போட்ட இசைக்கருவிப் பட்டியலில் வீணையும் மிருதங்கமும் வயலினும் மட்டும் இருந்தால், பறையும் உறுமியும் கருவியே இல்லை என்றுதான் பிள்ளை புரிந்துகொள்ளும். யாரும் வாய் திறந்து சொல்லாமலே அந்தப் பாடம் மனதில் ஏறிவிடும்.

ஆனால் தோற்கருவிக் குடும்பம் சேர்க்க மிருதங்கக்காரப் பிள்ளையும், "உன்கிட்ட உறுமி இருக்கா? பறை இருக்கா?" என்று கேட்டே ஆகவேண்டும். கேட்டு வாங்கி, மிருதங்கத்தின் பக்கத்தில் வைத்துப் பிடிக்க வேண்டும். அந்த ஒரு ஆட்டத்துக்காவது இரண்டுக்கும் ஒரே மதிப்பு.