ஐந்து வினாடி மூச்சு

கம்போங் ராஜாவுக்கு மலையேறும் லோரி டீசலை மட்டுமே சுமக்கிறது. அதை எரிக்கத் தேவையான காற்றை வழியிலேயே இழுத்துக் கொள்கிறது. ராக்கெட்டுக்கு அந்த வசதி இல்லை. அது சுமக்கும் உந்துபொருளில் ஏறக்குறைய 70 விழுக்காடு, எரிபொருளை எரிக்க உதவும் பிராணவாயு போன்ற பொருளே.

அந்தச் சுமையைக் குறைக்கும் முயற்சியாக, 2016 ஆகஸ்டு 28-இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோ, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு சிறு ராக்கெட்டை ஏவியது. அதிலிருந்த இரண்டு ஸ்கிராம்ஜெட் இயந்திரங்கள், ஒலியைப் போல் 6 மடங்கு வேகத்தில், வெளிக்காற்றைக் கொண்டே 5 வினாடிகள் எரிந்தன. ஐந்தே வினாடிதானா எனலாம். ஆடிக்காற்றில் அகல்விளக்கைக் காப்பதைவிடக் கடினமான வேலை அது! 2024 ஜூலை 22-இல் மீண்டும் பறந்து சோதித்தார்கள்.

இயந்திரம் மட்டும் போதாது; பாதையும் வேண்டும். சாதாரண ராக்கெட் காற்று மண்டலத்தை விட்டு விரைவாக வெளியேறப் பார்க்கும். காற்றை உறிஞ்சும் வாகனமோ, நம் மலைச்சாலை லோரியைப் போலச் சாய்வாக, நிதானமாக உயர வேண்டும். தாழ்ந்தால் வெப்பமும் காற்றின் எதிர்ப்பும் வாட்டும். உயர்ந்தால் காற்று போதாது. இடைப்பட்ட குறுகிய பாதையில் வேகம் சேர்த்து, கடைசிக் கட்டத்தில் ராக்கெட்டாக மாற வேண்டும்.

இவ்வழியில் சுற்றுப்பாதையை எட்டிய வாகனம் இதுவரை எதுவுமில்லை. எட்டும் நாளில், குறையும் சுமைக்கு ஈடாகக் கூடுதல் செயற்கைக்கோள்கள் மேலே போகும்.