அந்தோணிப் பிள்ளை, எஸ். சி. சி. (1914–2000)

யாழ்ப்பாணத் தமிழ் மரபினர். வடசென்னை ஆலை, துறைமுகத் தொழிலாளரின் தலைவர், ட்ராட்ஸ்கியவாதி, நாடாளுமன்ற உறுப்பினர். கொழும்பிலும் இலண்டனிலும் கல்வி கற்று லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். மலையகத் தோட்டத் தொழிலாளரிடையே பணியாற்றினார். துணைவியார் கரோலின், அக்கட்சியின் நிறுவனர்களுள் ஒருவரான பிலிப் குணவர்தனாவின் தங்கை.

1942இல் இந்தியா வந்து போல்ஷ்விக் லெனினிஸ்ட் கட்சியின் முன்னணிச் செயற்பாட்டாளராகிச் சிறை சென்றார். 1946இல் சென்னைத் தொழிலாளர் சங்கத் தலைவரானார். 1918இல் தொடங்கிய அச்சங்கம் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளருடையது, திரு.வி.க.வின் உழைப்பில் வளர்ந்தது. அயலூரிலிருந்து வந்த ஓர் இளைஞரிடம் அதன் தலைமை சேர்ந்தது அவர் பெற்ற நம்பிக்கைக்குச் சான்று. 1947இல் ஆலைகளில் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திக் கைதானார்; திரு.வி.க. வீட்டுக்காவலில் வைக்கப்பட்டதும் அப்போதுதான். 1948இல் அந்தோணிப் பிள்ளையின் போல்ஷ்விக் லெனினிஸ்ட் கட்சி சோஷலிஸ்ட் கட்சியுடன் இணைந்தது.

1952இல் சென்னைச் சட்டமன்றத்துக்கும், 1957இல் சுயேச்சையாக வடசென்னைத் தொகுதியிலிருந்து மக்களவைக்கும் தேர்வானார். பதவிக்காலம் 1962இல் முடிந்தது. ஆயினும் அவரது வலிமை சட்டமன்றங்களில் இல்லை, துறைமுகத்தில் இருந்தது. சென்னைத் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தையும் அகில இந்தியத் துறைமுகத் தொழிலாளர் சம்மேளனத்தையும் பல்லாண்டு வழிநடத்தினார். ஹிந்த் மஸ்தூர் சபாவின் தேசியத் தலைவர்களுள் ஒருவர். சென்னையில் மறைந்தார்.