பந்தியும் நம் வரலாறும்

ஒருவன் என்ன உண்கிறான், எவரோடு அமர்ந்து உண்கிறான், எவர் கையால் நீர் பெறுகிறான் என்னும் மூன்று வினாக்களைக் கொண்டே நம் நாட்டில் மனிதனின் தரம் நெடுங்காலம் அளக்கப்பட்டது. தூய்மையும் தீட்டும் பொருள்களின் இயல்பில் இல்லை, சமுதாயம் வகுத்த ஒழுங்கிலேயே உள்ளன என்று இங்கிலாந்தின் மானிடவியல் அறிஞர் மேரி டக்ளஸ் 1966-இல் விளக்கினார். அண்ணல் அம்பேத்கரோ 1948-இலேயே தீண்டாமையின் தோற்றத்தை மாட்டிறைச்சி உணவோடு தொடர்புபடுத்தி ஆராய்ந்து நூல் வெளியிட்டார்.

நமக்கு அண்மையில் நிகழ்ந்த ஆய்வு ஒன்றையும் இளைஞர்கள் அறிதல் வேண்டும். காரைக்காலைப் போலவே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சந்திரநாகூரில் பிறந்தவர் ஆந்த்ரே பெத்தேய். 1961-62-இல் தஞ்சை மாவட்டச் சிற்றூர் ஒன்றில் தங்கி, அதற்கு ஸ்ரீபுரம் என மாற்றுப்பெயர் சூட்டி, சாதி, வர்க்கம், அதிகாரம் ஆகியவை பற்றி ஆராய்ந்தார். நூல் 1965-இல் வெளிவந்தது. அக்கிரகாரத்து வீடொன்றிலேயே அவருக்கு இடம் கிடைத்தது; அத்தெருவிலேயே உண்டு உறைந்தார். அதனால் சேரிக்குள் தாராளமாகச் சென்று பழக இயலவில்லை என்பதை அவரே நேர்மையுடன் எழுதியுள்ளார். ஆய்வாளர் எத்தெருவில் உண்டாரோ அத்தெருவின் செய்தியே நூலில் நிறைந்தது. நம் தெருவின் அடுப்படி எழுதப்படாமல் நின்றது.

அந்த அடுப்படியில் என்ன இருந்தது? கூலியாக அளந்த நெல்லின் சோறு, விடியலில் நீராகாரம், வயல் நண்டு, நத்தை, வாய்க்கால் மீன், வரப்புக் கீரை. இவை இழிவின் அடையாளங்கள் அல்ல. நிலமின்றியே நிலத்தை முற்றும் அறிந்த உழைப்பாளரின் அறிவுச் செல்வம். எனினும் வீட்டில் நத்தைக் குழம்பு உண்டதைப் பள்ளியில் சொல்ல நாணும் பிள்ளைகளை நாம் இன்றும் காண்கிறோம்.

புதுவையில் பிரெஞ்சு நிர்வாகம் 1930-இலேயே பள்ளி மதிய உணவைத் தொடங்கியது. தமிழகத்தில் பெருந்தலைவர் காமராசர் 1956-இல் அதனை விரிவாகத் தொடங்கினார். பசி தீர்த்ததோடு, சாதி கேளாத பந்தியை அது பிள்ளைகளுக்குப் பழக்கிற்று. ஆனால் பள்ளியில் ஒன்றாக உண்ட தோழனை வீட்டு விருந்துக்கு அழைக்கத் தயங்கும் மனம் இன்னும் முழுதாக மாறவில்லை.

ஆகவே இளைஞர்களே, உங்கள் பாட்டிமாரிடம் அமர்ந்து கேளுங்கள். எந்த மாதத்தில் எதை உண்டார்கள், கூலி நெல் எத்தனை மரக்கால், பந்தியில் எங்கே அமர்த்தப்பட்டார்கள் என்பவற்றை ஏட்டில் எழுதி வையுங்கள். நம் வரலாற்றை நாமே எழுதுதல் வேண்டும். அதற்கு நம் அடுப்படியே முதல் ஏடு.