நாஞ்சில்நாட்டுப் பறவைப் பதிவுகள்

நாஞ்சில்நாட்டின் மயிலாடி, மருந்துவாழ்மலை, சுசீந்திரம், தேரூர், மணக்குடி ஆகிய ஊர்களை ஒரே நாளில் சுற்றிவந்துவிடலாம். குன்று, வயல், குளம், உப்பளம், கழிமுகம் ஆகிய ஐந்துவகை நிலங்களும் இந்தச் சிறிய வட்டத்துக்குள் உள்ளன. வடக்கே அசம்பு மலை. பறவை பார்ப்பவர்கள் இப்பகுதியைத் தேடிவருவதற்கு இந்த நெருக்கமே காரணம்.

வலசை பற்றிய அறிவு இங்கே பழையது. செங்கால் நாரை தெற்கே குமரியில் நீராடி வடக்கே திரும்பும் என்பதைச் சத்திமுத்தப் புலவரின் தனிப்பாடல் சொல்கிறது. ஆனால் பாடல் பதிவு ஆகாது. எந்தப் பறவை, எந்த இடம், எந்த நாள் என்ற மூன்றும் சேர்ந்த குறிப்பே பறவைப் பதிவு. நாஞ்சில்நாட்டில் அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தொடங்கியது.

தோலும் கடிதமும்

காங்கிரஸின் நிறுவனர்களில் ஒருவரான ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம் 1870-களில் ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ என்ற பறவையியல் இதழைத் தொடங்கினார். இந்தியாவெங்கும் இருந்த தோட்டக்காரர்களும் அதிகாரிகளும் சுட்ட பறவையின் தோலை உரித்து, பஞ்சு அடைத்து, இடமும் தேதியும் எழுதிய சீட்டைக் காலில் கட்டி அவருக்கு அனுப்பினர். ‘இது என்ன பறவை?’ என்று கேட்பதற்கு அன்றிருந்த வழி அதுதான். பதில் வர மாதங்கள் ஆகும்.

திருவிதாங்கூர் மலைகளிலிருந்து அவ்வாறு அனுப்பியவர் பிரான்சிஸ் போர்டிலன். அவரும் ஹ்யூமும் சேர்ந்து எழுதிய திருவிதாங்கூர் மலைப் பறவைகளின் முதல் பட்டியல் 1876-இல் வெளிவந்தது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேரூரில் பிறந்த ஆண்டும் அதுவே. திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஹெரால்ட் ஃபெர்குசனும் வனத்துறையின் டி. எஃப். போர்டிலனும் எழுதிய விரிவான தொடர், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் ஆய்விதழில் 1903, 1904 ஆண்டுகளில் வந்தது. இதற்குள் ஹ்யூமின் சேகரிப்பு லண்டனுக்குப் போய்விட்டது. தென்திருவிதாங்கூர்ப் பறவையை உறுதிசெய்ய விரும்பியவர் கடல்கடந்து எழுதிக் கேட்கவேண்டியிருந்தது.

1933-இல் சலீம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவை ஆய்வு நடத்தினார். அவரது அறிக்கைக்கு இங்கிலாந்திலிருந்த ஹ்யூ விஸ்லர் வகைப்பாட்டுக் குறிப்புகளை எழுதினார். இதன் அடிப்படையில் அமைந்த நூல் 1953-இல் ‘திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகள்’ என்ற பொருள்படும் தலைப்பிலும், 1969-இல் ‘கேரளப் பறவைகள்’ என்ற தலைப்பிலும் வந்தது. இடையில், 1956 நவம்பர் 1 அன்று, நாஞ்சில்நாடு தமிழகத்துடன் இணைந்துவிட்டது. அரசியல் எல்லை மாறினாலும் பழைய பதிவுகள் இடம்மாறவில்லை. குமரி மாவட்டத்துப் பறவைகளின் முன்வரலாற்றைத் தேடுபவர் தமிழ்நாட்டு நூல்களோடு நின்றுவிட்டால் அது கிடைக்காது.

சுடாமல் பார்த்தல்

தொலைநோக்கி பரவியபின் பறவையைக் கொல்லும் தேவை குறைந்தது. கூடவே, கண்டவரின் சொல்லை எப்படி நம்புவது என்ற புதிய சிக்கல் எழுந்தது. ஜாஃபர் ஃபதேஅலி 1960-இல் தொடங்கிய பறவை நோக்குவோர் செய்திமடல் போன்றவை, பொழுதுபோக்காகப் பறவை பார்த்தவர்களின் குறிப்புகளையும் மறுப்புகளையும் ஒருங்கே வெளியிட்டன. தமிழில் இன்னொரு தடையும் இருந்தது. ஒரே பறவைக்கு ஊருக்கொரு பெயர், ஒரே பெயரில் பல பறவைகள். உள்ளான் என்றால் எந்த உள்ளான் என்று கேட்டே ஆகவேண்டும். க. ரத்னம் தமிழ்ப் பறவைப் பெயர்களைத் திரட்டியது இதனால் முக்கியமான பணி.

குளக்கரையில் எழும் ஐயத்துக்கு ஆலாக்கள் நல்ல உதாரணம். மீசை ஆலா கோடையில் கருவயிற்றோடு தெளிவாகத் தெரியும். குளிர்காலத்தில் இங்கு வரும்போது வயிறு வெளுத்து, வெண்சிறகு ஆலாவைப் போலாகிவிடும். காதருகே தனிக் கரும்புள்ளி உள்ளதா, வால்மேற்பகுதி முதுகைவிட வெளுப்பாக உள்ளதா என்று பார்க்கவேண்டும். இரண்டும் இருந்தால் வெண்சிறகு ஆலா. பறக்கும் பறவையில் இதற்குக் கிடைப்பது சில நொடிகளே.

இருந்த இடத்தை எழுதிவைப்பதன் பயனை அசம்பு மலை காட்டியது. அங்குள்ள சோலைக்கிளி என்னும் சிறிய பாடும் பறவை (பெயரில் மட்டுமே கிளி), செங்கோட்டைக் கணவாய்க்கு வடக்கே வாழும் வெண்வயிற்றுச் சோலைக்கிளியாகவே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2017-இல் வி. வி. ராபினும் குழுவினரும் மரபணு ஆய்வின் மூலம் அதைத் தனியினமாக முன்வைத்து, அசம்பு மலையின் பெயரையே இட்டனர். எல்லாப் பட்டியல்களும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. விவாதம் எப்படி முடிந்தாலும், இடம் எழுதாத பழைய குறிப்பு அதற்கு உதவாது.

குளங்களும் மயிலும்

சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதியும் வேம்பனூர் ஈரநிலத் தொகுதியும் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. முதலாவதன் பரப்பு ஏறத்தாழ 94 எக்டேர், இரண்டாவது 20 எக்டேருக்கும் குறைவு. இவை பாசனக் குளங்கள். பறவைகளுக்காக வெட்டப்பட்டவை அல்ல. தாமரையும் மீனும் நெல்லும் இவற்றை நம்பியே உள்ளன. நான்குவழிச் சாலை மாவட்டத்தின் குளங்களுக்குள் வந்தபோது எதிர்ப்பு எழுந்தது. அத்தகைய வாதங்களில் ‘இங்கே பறவைகள் வரும்’ என்று சொன்னால் போதாது. ஆண்டுதோறும் எடுத்த எண்ணிக்கை வேண்டும். 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு அந்த வகையில் பெறுமதியுள்ளது.

மயில் விஷயத்தில் நிலைமை தலைகீழ். மயில் ஆடிய ஊர் என்பதால் மயிலாடி என்று ஊர்க்கதை உண்டு. ஆயினும் மயில் எப்போது மிகுந்திருந்தது, எப்போது குறைந்தது என்பதை ஊர்ப்பெயரிலிருந்து அறியமுடியாது. சலீம் அலியின் தடத்தில் கேரளத்தில் 2009-இல் நடந்த மறுஆய்வு, 1933-இல் பதிவாகாத பல இடங்களில் மயிலைக் கண்டது. நாடளவில் மயில் பெருகுவதை ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கையும் காட்டுகிறது. விளைச்சலை மயில் அழிக்கிறது என்று விவசாயிகள் முறையிடுகிறார்கள். மயிலோ 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது.