ஊசி விடைபெற்ற கதை

ஆண்டு விழாக் கைவினைக் காட்சியில் வெண்ணூல் லேஸ் விரிப்புகளைக் காணும் அன்பர்கள் பலரும் அவற்றின் முகப்பைக் கண்டு மகிழ்ந்து அப்பாற் செல்வர். கைவேலை அறிந்த தாய்மாரோ விரிப்பை மெல்லத் திருப்பி, அதன் பின்புறத்தைப் பார்ப்பர். வேலை முடிந்த இடம் எது, நூலின் முனை எங்கே போயிற்று என்பதே அவர்கள் தேடுவது. அந்தத் தேடலுக்குள் ஒரு கலையின் வரலாறே அடங்கியிருக்கிறது. அதனை இம்மலரின் வாயிலாக நம் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

லேஸ் என்றதும் நம்மவர்க்கு நாகர்கோயில் நினைவுக்கு வருவது இயல்பே. 1820-களில் மார்த்தா மால்ட் அம்மையார் அங்கே கற்பித்த லேஸ், திண்டின்மேல் பல கட்டைகளைக் கொண்டு பின்னப்படுவது. நாம் இங்கே கூறப்போவது 'டாட்டிங்' என்னும் வேறொரு வகை. இதற்குத் திண்டும் வேண்டா, கட்டைகளும் வேண்டா. உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஷட்டில் போதும்; தறியில் ஓடும் நாடாவின் குட்டி என்றே அதனைக் கூறலாம். ஒரு நூலின்மேல் மற்றொரு நூலால் இரண்டு அரைமுடிச்சுகள் இட்டால் அஃது ஓர் இணைமுடிச்சு. இணைமுடிச்சுகளை வரிசையாக இட்டு உள்நூலை இழுத்தால் வளையம் மூடிக்கொள்ளும். முடிச்சுகளுக்கிடையே விடப்படும் சிறு கண்ணி 'பிக்கோ' எனப்படும். புடவை ஓரத்திற்கு அடிக்கும் பிக்கோவும் இதே சொல்தான்.

இக்கலையின் முன்னோடி, பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய உயர்குலப் பெண்டிர் பொழுதுபோக்காகச் செய்த முடிச்சு வேலையாகும். 1756-இல் நாட்டியே என்னும் ஓவியர் பிரெஞ்சு மன்னரின் மகளாகிய அதெலாய்து இளவரசியை அவ்வேலை செய்யும் கோலத்திலேயே தீட்டினார். இங்கிலாந்தின் ஜோஷுவா ரெனால்ட்ஸ் தீட்டிய ஆல்பெமார்ல் சீமாட்டியின் கையிலும் ஒரு ஷட்டில் இருக்கிறது. ஆனால் அக்காலத்தில் ஷட்டில் முடிச்சிட்ட கயிற்றை மட்டுமே தந்தது. அக்கயிற்றைத் துணியின்மேல் வைத்துத் தைக்க ஊசி வேண்டியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கயிறு வளையமாயிற்று. எனினும் தொடக்கத்தில் வளையங்களைத் தனித்தனியே செய்து, பின்னர் ஊசியால் ஒன்றோடொன்று கோத்துத் தைத்தனர். லண்டனில் ரியேகோ அம்மையார் 1850-இல் டாட்டிங் குறித்த நூலொன்றை வெளியிட்டார். அதனையொட்டி வந்த சில ஆண்டுகளிலேயே பிக்கோவின் வழியாக வளையங்களை இணைக்கும் முறை பரவியது. பக்கத்து வளையத்தின் பிக்கோவினூடே நூலைக் கொக்கியால் இழுத்து, அதற்குள் ஷட்டிலை நுழைத்துவிட்டால் இணைப்பு முடிந்தது. பின்னர் இரண்டாவது நூலொன்றைச் சேர்த்து, வளையத்திற்கும் வளையத்திற்கும் நடுவே வளைவுகள் பின்னினர். 1886-இல் தெரேஸ் த தில்மோன் அம்மையார் வெளியிட்ட கைவேலைக் கலைக்களஞ்சியத்தில் டாட்டிங்கிற்கும் இடம் கிடைத்தது. இவ்வாறு ஒவ்வொரு படியிலும் வெட்டுமுனைகள் குறைந்தன. ஊசியின் வேலையும் குறைந்தது.

எஞ்சியது இறுதி முனை ஒன்றே. பெருந்தொல்லை தருவதும் அதுவே. முடிச்சிட்டு ஒட்ட வெட்டினால், பளபளப்பான பருத்தி நூல் சில சலவைகளில் நழுவிவிடும். பல மாத உழைப்பு ஒரு முனையிலிருந்து பிரியத் தொடங்கும். மெல்லிய நூலால் பின்புறத்தில் தைத்தாலோ அவ்விடம் தடித்துத் தெரியும். ஆகவே தைக்காமலே முனையை மறைக்கும் வழியைக் கைகள் தேடின.

அவ்வழி இதுதான். ஷட்டில் நூலையும் உருண்டை நூலையும் வெட்டாமல் ஒரே நூலாகத் தொடங்கினால் தொடக்கத்தில் முனையே இராது. முதல் நான்கைந்து இணைமுடிச்சுகளை இடும்போது, இரண்டாக மடித்த மெல்லிய தனி நூல் ஒன்றை உள்நூலோடு சேர்த்துப் படுக்க வைத்து, அதன்மேல் முடிச்சிட வேண்டும். மடிப்பின் கண் வேலை தொடங்கும் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கட்டும். கடைசி நான்கைந்து முடிச்சுகளுக்குள்ளும் அவ்வாறே வேறொரு நூலை வைத்து, அதன் கண்ணை வேலை முடியும் பக்கம் விட வேண்டும். பின்னர் இரு முனைகளையும் இருமுறை கட்டி, ஒன்றை ஒரு கண்ணிலும் மற்றதை மறு கண்ணிலும் நுழைத்து, தனி நூல்களின் வால்களை மெதுவாக இழுத்தால் முனைகள் முடிச்சுகளுக்குள்ளே புகுந்துவிடும். மிகுந்ததை வெட்டிவிடலாம். இறுக்கமாக முடிச்சிடுவோரும், நான்கைந்துக்கு மேற்பட்ட முடிச்சுகளுக்குள் இழுக்க முயல்வோரும் நூலை அறுத்துக்கொள்ள நேரும். இரண்டு முனைகளையும் ஒரே இடத்தில் புதைப்பதும் தகாது, அவ்விடம் தடித்துவிடும்.

இவ்வுத்தி லேஸுக்கு மட்டுமே உரியதன்று. கப்பற்கயிற்றின் நுனி பிரியாதிருக்க மாலுமிகள் நூல் சுற்றி, அதன் முனையைச் சுற்றுக்குள்ளேயே இழுத்து மறைப்பதுண்டு. தூண்டிற்கோலில் நூற்கட்டுப் போடுவோரும் தனி நூற்கண்ணி ஒன்றைக் கொண்டே முனையை உள்ளிழுப்பர். மாலுமியின் முரட்டுக் கையும் மாதரின் மென்விரலும் ஒரே அறிவைக் கொண்டிருந்தன என்பது எண்ணி மகிழத்தக்கது.

இக்கலையைப் பேணியவருள் அரசியரும் உண்டு. கார்மென் சில்வா என்னும் புனைபெயரில் எழுதிய ருமேனிய அரசி எலிசபெத் இதில் தேர்ந்தவர். 1910-இல் ஹோர் சீமாட்டி வெளியிட்ட டாட்டிங் நூல் ருமேனிய அரச குடும்பத்தின் வேலைகளையும் காட்டுகிறது. ஆனால் உலகம் இதற்கு இட்ட பெயர்களைப் பாருங்கள். பிரெஞ்சு மொழியில் இதன் பெயர் அற்ப விளையாட்டு என்று பொருள்படும். இத்தாலிய மொழியிலோ அரட்டை என்று பொருள்படும். அரட்டைக்கிடையே செய்த அற்ப வேலை என்று கருதியதனாலேயே, நுட்பங்களைக் கண்ட எளிய பெண்டிரின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை போலும். அரசியரின் பெயர்கள் நூலேறின. முனை மறைக்கக் கற்றுத் தந்த கைகள் மறைந்தன.

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் காலனியில், இரயில் பயணத்திலும் பிற்பகல் ஓய்விலும் ஷட்டிலை இயக்கும் தாய்மாரும் பாட்டிமாரும் உளர். அவர்களிடம் நம் பெண்மக்கள் தொடங்கும் விதத்தை மட்டுமன்றி முடிக்கும் விதத்தையும் கேட்டறிதல் வேண்டும். அடுத்த ஆண்டுக் காட்சியில் ஒவ்வொரு விரிப்பின் அருகிலும், அதனைச் செய்தவர் பெயரையும் அவருக்குக் கற்பித்தவர் பெயரையும் எழுதி வைப்போமாக. நூலின் முனை மறைவது அழகு. செய்தவர் பெயர் மறைவது முறையன்று.