கியூ.எல்.கியூ.-சி30

புற்றுநோயாளர்களின் வாழ்க்கைத்தரத்தை அளக்கும் வினாநிரல். பிரஸ்ஸல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பியப் புற்றுநோய் ஆராய்ச்சி, சிகிச்சை அமைப்பு இதை உருவாக்கியது. இதைப் பற்றிய நீல் ஆரன்சன் குழுவினரின் ஆய்வுக்கட்டுரை 1993இல் வெளியானது.

அமைப்பு: மொத்தம் 30 கேள்விகள். உடல், அன்றாடப் பணி, மனநிலை, நினைவும் கவனமும், சமூக உறவு ஆகிய ஐந்து செயல்பாடுகளையும், களைப்பு, வலி, குமட்டல், தூக்கமின்மை, பணநெருக்கடி போன்ற தொல்லைகளையும் இவை விசாரிக்கின்றன. கனமான பையைத் தூக்கச் சிரமமா என்பது முதல் கேள்வி. பெரும்பாலானவை கடந்த ஒரு வாரத்தைப் பற்றியவை.

மதிப்பீடு: 28 கேள்விகளுக்கு ‘இல்லவே இல்லை’ (1) முதல் ‘மிக அதிகம்’ (4) வரை விடையளிக்கலாம், ஒட்டுமொத்த உடல்நலம், வாழ்க்கைத்தரம் பற்றிய கடைசி இரண்டுக்கு 1 முதல் 7 வரை. விடைகள் 0–100 அளவுக்கு மாற்றப்படும். களைப்பு பற்றிய மூன்று கேள்விகளுக்கும் 3 எனக் குறித்தவரின் மதிப்பெண் 66.7. செயல்பாட்டில் உயர்ந்த மதிப்பெண் நலத்தையும், தொல்லைகளில் அது பாதிப்பையும் காட்டும்.

வரம்பு: மருத்துவச் சோதனைகளில் பங்கேற்கும் நோயாளிகளுக்காக வடிவமைக்கப்பட்டதால், குணமடைந்து பல ஆண்டுகள் வாழ்வோரிடம் காணப்படும் ‘நோய் திரும்புமோ’ என்ற அச்சம் இதில் கேட்கப்படுவதில்லை.