கடையமும் காமிராவும்

பாரதியார் கடையத்தில் வாழ்ந்த காலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டு, கடலூர் அருகே கைதாகி, டிசம்பரில் விடுதலை பெற்ற அவர், செல்லம்மாளின் பிறந்த ஊரான கடையம் வந்து சேர்ந்தார். 1920 இறுதியில் 'சுதேசமித்திரன்' பணிக்காகச் சென்னைக்குப் பெயர்ந்தார்.

அவருடைய நிழற்படங்களாக அறியப்பட்டவை ஐந்தே. புதுச்சேரியில் இரண்டு, காரைக்குடியில் இரண்டு, சென்னையில் ஒன்று. கடையத்தில் எடுத்ததென அவற்றுள் ஒன்றும் இல்லை. எனினும் காரைக்குடிப் படங்கள் கடைய வாழ்வின் போது, 1919இல், இந்து மதாபிமான சங்கத்தாரிடம் அவர் சென்றிருந்த வேளையில் எடுக்கப்பட்டவை. கையில் கோலுடன் நம்மை நேர்நோக்கும் அத்தோற்றமே கடைய காலத்துப் பாரதியின் தோற்றம். அதைத் தமிழுக்குத் தந்தது அரசன்று, பல்கலைக்கழகமன்று, ஓர் ஊர்ச் சங்கம்.

அந்நாளில் படமெடுத்தல் எளிய செயலன்று. மரப்பெட்டி, துருத்தி, முக்காலி, கறுப்புத் துணி, கண்ணாடித் தகடு என எல்லாம் வேண்டும். எதிரில் இருப்பவர் அசையாதிருக்கவும் வேண்டும். ஆதலால் தொடக்கக் காலக் காமிராவுக்கு மனிதரைவிடக் கல்லே உகந்ததாயிற்று. சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், மதுரை, தஞ்சை, சீரங்கம் முதலிய இடங்களின் கோயில்களைப் படமெடுத்து 1858இல் தொகுதிகளாக வெளியிட்டார். மண்டபங்களும் தூண்களும் அவற்றில் துலங்குகின்றன, நடமாடியோர் பதியவில்லை. கடையத்தை அடுத்த பாபநாசம் அருவியை அதற்கும் முன்பே, 1792இல் இப்பக்கம் வந்த தாமஸ் டேனியல் ஓவியமாக்கியிருந்தார்.

1900இல் வெளிவந்த கோடக் பிரவுனி காமிராவை எளியவர் கைக்குக் கொண்டுவந்தது. பின்னர் இந்தியாவில் தயாரான அக்ஃபா கிளிக், ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம் என்ற கணக்கில் நடுத்தரக் குடும்பங்களுக்குள் நுழைந்தது. உதகையில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்னும் பெயரில் பிலிம் தயாரித்தது. அந்த ஆலையும் பின்னாளில் மூடப்பட்டது. பன்னிரண்டே படம் என்றிருந்த நாளில் ஒவ்வொன்றையும் எண்ணி எடுத்தனர். பழங்காமிராவை இன்று கையிலேந்துவோர் நாடுவதும் அந்த நிதானத்தையே.

அந்த நிதானம் கடையத்திற்கு இன்று தேவை. பாரதியார் சென்று வழிபட்ட நித்தியகல்யாணி அம்மன் கோயிலும், ராமநதியும், மேற்கே நிற்கும் மலையும் நிலைத்திருக்கின்றன. அவர் காலத்து மீட்டர் பாதை 2012க்குள் அகலப்பாதையாகிவிட்டது. ஓட்டு வீடும் திண்ணையும் இடிபடுகையில் அவற்றின் தோற்றம் எவர் பெட்டியிலும் எஞ்சாமற் போகலாம்.

எடுப்பது மட்டும் போதாது. ரா. அ. பத்மநாபன் பாரதி தொடர்பான படங்களைத் தேடித் திரட்டி 1957இல் 'சித்திர பாரதி'யை வெளியிட்டார். அத்தேடலின் அருமை, இடமும் நாளும் ஆளும் விளங்க அவற்றை ஒழுங்குபடுத்தியதில் இருக்கிறது. பின்புறத்தில் ஒரு வரி எழுதப்படாத படம், இரு தலைமுறைக்குள் ஊமையாகிவிடும். தெருவின் பெயர், நின்ற திசை, எடுத்த நாள் ஆகிய மூன்றும் குறிக்கப்பட்ட படமே சான்றாகும்.

ஒரு சங்கம் கவிஞரின் முகத்தைக் காத்தது. அவர் நடந்த தெருக்களின் முகத்தைக் காப்பது இலக்கிய அமைப்புகளின் முன் எஞ்சியுள்ள பணி.